வெட்டுப்பட்ட இடது பூட்ஸ்

1

இந்தக் கதை அமெரிக்காவின் டுலூத் நகரில், பூட்ஸ் தைக்கும் ஆர்வோவின் கடை ஜன்னலில் பிறந்தது. ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனியில் தெருவே காணாமல் போயிருந்த ஒரு மே மாதக் காலை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜோடி பைக் பூட்ஸ், கால்கள் இல்லாமல், யாருக்கோ காத்திருப்பதுபோல நின்றது. கியர் போட்டுப் போட்டு இடது பூட்ஸின் நுனி தேய்ந்திருந்தது. மேலிருந்து கணுக்கால்வரை ஒரே கத்திவெட்டு. மற்றதெல்லாம் என் கற்பனை. (ஆர்வோவும்தான். ஜன்னல் மட்டும் நிஜம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மார்லிஸ் தன் பூட்ஸைக் கைக்குழந்தையைப்போல—’

வேண்டாம். அறுபது வயதில் ஏரிக்கரைச் சாலையில் பைக் ஓட்டுகிறவள் இதைப் படித்தால் என்னை உதைப்பாள், அதே பூட்ஸால்.

நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். போன செப்டம்பரில் ஒரு மான் குறுக்கே பாய்ந்து மார்லிஸ் விழுந்தாள். எப்போதும் அவளுக்குப் பின்னால் ஓட்டிவரும் கணவன் வெர்லின் ஓடிவந்தான். முறிந்த கால் பூட்ஸுக்குள்ளேயே வீங்கிக்கொண்டிருந்தது. கீழே விழுந்த பைக்காரர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

“பூட்ஸ வெட்டாத வெர்லின். இழுத்து எடு.”

அவன் மடக்குக்கத்தியை எடுத்து வெட்டினான். கால் பிழைத்தது. பனிக்காலம் முழுக்க அதைச் சொல்லி அவனைக் கேலி செய்தாள். அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

3

மார்லிஸ் பூட்ஸை ஆர்வோவிடம் கொடுத்திருந்தாள். தைத்துவிடலாம், அடித்தோலும் மாற்றலாம், ஆனால் தழும்பு தெரியும் என்று அவன் ஃபோனில் சொன்னான். அதற்குள் வெர்லின் புது ஜோடியே வாங்கிவந்துவிட்டான்.

இங்கே வெர்லினைச் சந்தேகப்பட்டேன். மனைவி இனி வண்டியைத் தொடக்கூடாது என்று நினைக்கிறவனோ? அப்படியானால் புது பூட்ஸ் எதற்கு? சில நாள் எழுதாமலே கிடந்தேன். பிறகு அவனே வாயைத் திறந்தான்.

“பழசு வேணாம் மார்லி. பின்னாடி வர்றவன் நான். கண்ணு உன் இடது கால்லயேதான் இருக்கும். அந்தத் தையலப் பார்த்தா நீ விழுந்ததுதான் தெரியும்.”

“எனக்கு அதப் பார்த்தாத்தான் தைரியமே வருது. நீ வெட்டினதாலதான் இந்தக் கால் இருக்கு.”

இருவர் பக்கமும் நியாயம் இருந்ததால் என் கதை நகர மறுத்தது.

4

முடிவு ஒன்று: புதுசைப் போட்டுக்கொள்கிறாள். கியர் போடும்போதெல்லாம் வேறு யாருடைய காலோ போலிருக்கிறது.

முடிவு இரண்டு: தைத்ததைப் போடுகிறாள். அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். (எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. கிழித்துவிட்டேன்.)

மூன்றாவதை மார்லிஸே எழுதினாள். வசந்தத்தில் பாதிரியார் பைக்குகளுக்குத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிக்கும் ஞாயிற்றுக்கிழமை. தேவாலய வாசலில், தைத்த பூட்ஸோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“அப்ப இந்தத் தடவ நீ முன்னாடி போ.”

கல்யாணமான நாள்முதல் அவன் முன்னால் போனதில்லை. போனால் தையல் கண்ணில் படாது. அவள் விழுந்தாலும் படாது.

மூடுபனியில் இரண்டு வண்டிகளும் உறுமிக்கொண்டு நின்றன. வெர்லின் குனிந்து அந்தத் தையலை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தான். பிறகு அவன்—

என்னால் முடியவில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் கைவைக்காதீர்கள்: இரண்டு வண்டிகளும் கிளம்பிவிட்டன.