மூன்று பாட்டில் பெட்ரோல்

ஒரு வண்டிக்கு இரண்டு சொந்தக்காரன் இருந்தால் அதில் பெட்ரோல் தங்காது. வடக்கனந்தலில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கண்ணாயிரமும் அவன் தம்பி சடையனும் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றுக்கு முறை வைத்தார்கள், மாட்டையும் ஆளுக்கொன்றாக ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டியை என்ன செய்வது? இருவரும் சேர்ந்து பழைய வண்டியாக வாங்கியது. காடுமேடு ஏறுகிற ரக மோட்டார் பைக். உயரமான சீட்டு, கட்டை கட்டையாய் டயர், தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி நிற்கும் என்ஜின். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாயிரம் சென்னையிலிருந்து வரும் பைக் பையன்களைக் கல்வராயன் மலையின் காட்டுத் தடங்களில் காசுக்கு வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு போவான். மற்ற நாட்களில் சடையன் அதே வண்டியில் மலைக்குப் போய் மரவள்ளிக் கிழங்குக்கு விலை பேசி முடித்துக் கொடுப்பான்.

இப்படி இருக்கும்போது டேங்கை ரொப்புகிறவன் ஏமாளி. இவன் போட்டால் அவன் ஓட்டுவான், அவன் போட்டால் இவன் ஓட்டுவான். அதனால் அவரவர் போய் வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போடுவார்கள். கண்ணாயிரம் இதிலும் ஒரு படி மேலே போனவன். விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன் டேங்கில் ட்யூபை விட்டு, வாயால் உறிஞ்சி, ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் நிறையப் பெட்ரோலை எடுத்து உரமூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவான். இரண்டு லிட்டர் பாட்டில். 'நான் போட்டதத்தான நான் எடுக்கிறேன்' என்று மனசுக்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தான். திருடனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்!

அந்தப் புதன்கிழமை விடியலில் மூடியைத் திறந்தவனுக்குத் திக்கென்றது. பெட்ரோல் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தளும்பியது. சடையன் முந்தைய நாள் சாயங்காலம் வண்டியை எடுத்துப் போனவன். இவன் எதற்கு இவ்வளவு ரொப்பி வைத்திருக்கிறான்? ஏற்காடு போக வேண்டும், சிநேகிதர்கள் கூப்பிடுகிறார்கள் என்று போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தானே, அதற்குத்தான் என்று கண்ணாயிரம் முடிவே கட்டிவிட்டான். ரைடு ஓட்டிப் பிழைக்கிறவன் இங்கே காய்ந்து கிடக்க, ஐயா ஊர் சுற்றப் போகிறாராம். வயிறு எரிந்தது. ஒரு பாட்டில் எடுத்தான். ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டாவது எடுத்தான். மூன்றாவதும் எடுத்தான். டேங்கை ஆட்டிப் பார்த்து, மூன்று லிட்டர் கிடக்கும், இன்றைக்கு மலைக்குப் போய் வர அது போதும் என்று மூடியைத் திருகினான்.

அன்றைக்கு இருவரும் சேர்ந்துதான் போவதாக இருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால், பதினான்கு கிலோமீட்டர் காட்டுத் தடத்துக்கு உள்ளே, வேடியப்பன் என்பவரின் மரவள்ளிக் காட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் மழையில் தடம் சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றில் தன்னால் முடியாது, நீ ஓட்டிக்கொண்டு வா என்று சடையன்தான் அண்ணனைக் கூப்பிட்டிருந்தான்.

தார் ரோட்டில் லிட்டருக்கு நாற்பது கொடுக்கிற வண்டி, சேற்றில் இரண்டு ஆளைச் சுமந்து முதல் கியரில் முக்கும்போது பதினைந்து கொடுத்தாலே பெரிய விஷயம். கண்ணாயிரம் இது தெரியாதவனா? சென்னைப் பையன்களுக்கு ஞாயிறுதோறும் பாடம் எடுப்பவனே அவன்தான். காட்டுக்குள்ளே கிலோமீட்டரை எண்ணாதீர்கள், எத்தனை நேரம் முதல் கியரில் ஓடியது என்று எண்ணுங்கள் என்பான். ஊருக்குச் சொன்ன புத்தி அவனுக்கு இல்லை. பொறாமைக் கண்ணுக்கு நாற்பதுதான் தெரிந்தது.

வெள்ளிமலையில் டீ குடிக்க நின்றார்கள். பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில்களில் பெட்ரோல் வரிசையாக நின்றது. வேண்டுமா என்று கடைக்காரம்மா கேட்டாள். கலப்படமாக இருக்கும், வேண்டாம் என்று கண்ணாயிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மிச்சம் விழுந்தால் தம்பிதானே ஓட்டுவான்!

தடத்தில் ஏறியதும் என்ஜினின் சத்தமே மாறிப்போனது. சக்கரம் சுற்றிய அளவுக்கு வண்டி நகரவில்லை. வேடியப்பன் காட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது என்ஜின் திக்கித் திணறியது. கண்ணாயிரம் கால் முட்டியால் மறைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்குத் தெரியாமல், பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பினான். இனி மிச்சம் ஒரு லிட்டர்தான். திரும்பி வெள்ளிமலை வந்தால் அந்த அம்மாவிடம் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

காட்டில் இறங்கி, கிழங்கு எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்க்கச் சடையன் ஒரு செடியைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினான். அடுத்த நொடி காலை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான். சருகுக்குள் தடித்த உடம்பு ஒன்று நெளிந்து போனது. கூட நின்ற வேடியப்பன் பார்த்துவிட்டார். கண்ணாடி விரியன்.

கணுக்காலில் இரண்டு பொட்டு. கண்ணெதிரே வீங்கியது. வேடியப்பன் பதறாத மனுஷன். காலைக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஆளை நடக்க விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே சடையனைத் தூக்கிவந்து வண்டியில் உட்காரவைத்து, தன் வேட்டியைக் கிழித்து அவனை அண்ணன் முதுகோடு சேர்த்துக் கட்டினார். அந்தப் பள்ளத்தில் போனுக்கு டவர் கிடையாது. தார் ரோட்டுக்குப் போகும் கடைசி மேட்டில் ஏறினால்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியும். அவருடைய வண்டியை மகன் எடுத்துப் போயிருந்தான்.

"பெட்ரோல் பாத்துக்கினீங்களா?" என்று கேட்டார் வேடியப்பன். "பக்கத்து வூட்ல மருந்தடிக்கிற மிஷினுக்கு ரெண்டு லிட்டர் வச்சிருக்காங்க. ஒரு ஓட்டம் ஓடி வாங்கியாந்துர்றேன்."

கண்ணாயிரம் வாயைத் திறந்தான். அதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து சடையன் பேசிவிட்டான்.

"வேணாங்க. நேத்துதான் ரொப்பி வச்சேன். ஞாயித்துக்கெழம அண்ணனுக்குப் பெரிய ரைடு இருக்குது. நடுக்காட்டுல நின்னுடக் கூடாதுன்னு."

திறந்த வாய் அப்படியே நின்றது. ஏற்காடும் இல்லை, ஒரு எழவும் இல்லை. எனக்காகப் போட்டிருக்கிறான், பாவி, எனக்காக. ஒரே ஒரு சொல் போதும். 'கொண்டாங்க' என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பெட்ரோல் வந்திருக்கும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பான். ரொப்பிய டேங்க் எப்படிக் காலியானது என்று கேட்பான். மானம் போகும். ஒரு லிட்டர் இருக்கிறது, வந்த வழிதானே, இறக்கம் வேறு இருக்கிறது, போய்விடலாம் என்று கண்ணாயிரம் கிக்கரை உதைத்தான். தம்பி உயிரைவிடத் தன் மானம் பெரிதாகப் போன அந்த ஒரு நிமிஷத்தை அவன் பிறகு எத்தனையோ முறை நினைத்து நினைத்துச் செத்தான்.

ஆக்ஸிலேட்டரை முட்டைபோலப் பிடித்து ஓட்டினான். இறக்கம் வந்தால் என்ஜினை அணைத்தான். அணைத்தால் என்ஜின் பிடிப்பு இருக்காது. சேற்றில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும். இரண்டு இடத்தில் பின்சக்கரம் வழுக்கிப் பள்ளத்தின் ஓரம் வரை போனது. ஏற்றம் வந்தால் மறுபடி உதைத்துக் கிளப்பினான். சடையன் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டை தோளில் ஈரமாக ஒட்டியது. எச்சில் என்று நினைத்துத் தொட்டான். ரத்தம். ஈறு கசிய ஆரம்பித்திருந்தது.

"சடையா, தூங்காதடா. பேசிக்கினே வாடா."

சடையன் ஏதோ முனகினான். குலதெய்வத்தின் பேரெல்லாம் கண்ணாயிரம் வாயில் வந்தது. இந்த ஒரு தடவை கொண்டுபோய்ச் சேர்த்துவிடு தாயே, இனி அந்த ட்யூபைத் தொட மாட்டேன் என்று சாமியோடு பேரம் பேசினான். சாமி என்ன பெட்ரோலா ஊற்றும்?

பதினோரு கிலோமீட்டர் வந்திருப்பார்கள். கடைசி மேட்டின் அடியில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. அதன்பிறகு காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கட்டை அவிழ்த்துத் தம்பியைப் பாறையில் சாய்த்தான். வண்டியைத் திருகு இருக்கும் பக்கமாகத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தான். டேங்கின் அடி நடுவில் மேடாக இருக்கும். திருகு இல்லாத பக்கத்தில் அரை டம்ளர் பெட்ரோலாவது தேங்கிக் கிடக்கும். அதை இந்தப் பக்கம் கொட்டவைக்கும் வித்தை இது. நூறு எண்ணினான். நிமிர்த்தி, தம்பியை ஏற்றி, உதைத்தான். பிடித்துக்கொண்டது. பாதி மேடு ஏறியதும் மறுபடி நின்றது. அந்த அரை டம்ளரும் தீர்ந்தது.

மீதி அரைக் கிலோமீட்டர் ஏற்றம். சடையனை டேங்கின்மேல் குப்புறப் படுக்கவைத்து, ஒரு கையால் அவனையும் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்துத் தள்ளினான். நாலு எட்டு ஏறினால் இரண்டு எட்டு வழுக்கியது. செருப்பு சேற்றில் போனது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, அதுதான் கொடுமை. இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் டேங்கின்மேல் வழிந்தது. கண்ணாயிரம் வாய்விட்டு அழுதுகொண்டே தள்ளினான்.

"பெட்ரோல் எங்கண்ணா போச்சி?" என்றான் சடையன், ஒரு தடவை. கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினான்.

உச்சியில் டவர் கிடைத்தது. போன் பண்ணினான். பிறகு அந்தப் பக்கத்து இறக்கத்தில், செத்த என்ஜினோடு, பிரேக்கைக் கவ்விப் பிடித்தபடி தார் ரோட்டுக்கு உருண்டு வந்து சேர்ந்தான். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது. மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் முதல் விஷமுறிவு ஊசியைப் போட்டு, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

சடையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் சிறுநீர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். இனி வாரத்துக்கு இரண்டு முறை பண்ண வேண்டும், எத்தனை மாசத்துக்கு என்று இப்போது சொல்ல முடியாது, இந்த விஷத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு, ஒரு அரைமணி முன்னால் வந்திருந்தால் கிட்னி தப்பியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த அரைமணியை யார் தின்றது என்று கண்ணாயிரத்துக்கு மட்டும் தெரியும்.

வார்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிலோரம் உட்கார்ந்தான். உள்ளே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

"பெட்ரோல நான்தான்டா எடுத்தேன்," என்றான். "வெடிகாலையில. ட்யூப் போட்டு."

சடையன் முகத்தில் கோபத்தைக்கூடக் காணோம்.

"எனுக்குத் தெரியும்ணா. தெனம் எடுக்கிறதுதான. அத வச்சித்தான் எப்பவும் ரெண்டு லிட்டர் சேத்துப் போடுவேன்." நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான். "ஒரு பாட்டிலுதான எடுப்ப. அன்னிக்கி இன்னாத்துக்கு அவ்ளோ எடுத்த?"

கண்ணாயிரத்தால் ஏற்காடு என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லே கேவலமாக இருந்தது. குனிந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதான். அடித்திருந்தால் தாங்கியிருப்பான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான்.

"செவ்வந்திகிட்ட சொல்லிக்கினு இருக்காத," என்றான் சடையன். "வவுத்துப் புள்ளக்காரி. தாங்க மாட்டா."

சொல்லி வாய் மூடவில்லை, சடையன் பெண்சாதி செவ்வந்தி தூக்குப்போசியோடு உள்ளே வந்தாள். ஏழு மாச வயிறு. நடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. புருஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாயிரத்தின் சிவந்த கண்களைப் பார்த்தாள். தம்பிமேல் இருக்கும் பாசம் என்று அவளாக எடுத்துக்கொண்டாள். அவனுக்குத்தான் முதலில் இலையைப் போட்டு இட்லி வைத்தாள். நீங்கள் இல்லையென்றால் இவர் இல்லை மாமா, மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறீர்களே என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கண்ணாயிரம் இலையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். கை எழவில்லை.

"சாப்புடுண்ணா," என்றான் சடையன்.