எழும்பிய சாமை

வைகாசி பதினெட்டாம் நாள் காலையில் செம்மநத்தத்துக் காளியாயியின் விதைச்சாமை, பானையை விட்டு எழும்பிப் போய்க் கூரையோட்டில் ஒட்டிக்கொண்டது. மூடியிருந்த தட்டையும் தள்ளிவிட்டுப் போனதால் எலி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தாள். உதிர்ந்த மணிகள் அவள் தோள் உயரம்வரை வந்து, மனசு மாறியதுபோல மறுபடி மேலே போயின. மதியத்துக்குள் அத்தனையும் ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறி, சில்வர் ஓக் மர உச்சிக்கு மேலே பழுப்பாக ஒரு சின்ன மேகம் மாதிரி நின்றன. காற்றுக்குக் கலையவில்லை. அதைக் கொத்திய குருவிகள் சாயங்காலம்வரை கீழே இறங்க முடியாமல் திண்டாடின. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்து பார்த்து, ஏணி எட்டாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரகச் சாமை மலையில் வேறு யாரிடமும் இல்லை. ஆனிக்குள் விதைக்காவிட்டால் அப்படி ஒன்று இருந்ததற்கு அடையாளமாக ஒரு மணிகூட மிஞ்சாது. காரணம் காளியாயிக்குத் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. அந்தப் பக்கத்தில் விதை வேண்டுமென்பவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. வெறும் முறத்தோடு வாசலில் வந்து நிற்பார். வீட்டுக்காரர் பேசாமல் அள்ளிப் போடுவார். சாமை எழும்பியதற்கு முதல் நாள் தங்கச்சி சசிகலா, தன் விதையைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டதென்று போனில் கேட்டிருந்தாள். "விதையப் போன்ல கேக்கற அளவுக்குப் பெரிய மனுஷி ஆயிட்டியா?" என்று காளியாயி போனை வைத்துவிட்டாள். சும்மாவே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பன்னிரண்டு நாள் போயிற்று. மலைச்சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டாள். மழை பெய்தது, ஊரே ஏர் பூட்டியது, மேகம் அசையவில்லை. பதிமூன்றாம் நாள் ஜீப் ஓட்டும் தௌபீக் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"ஏனுங்க அக்கா, தங்கச்சியப் பாக்கப் போவலீங்களா? மொறத்தத் தூக்கிக்கிட்டு உங்க ஊட்டுக்குத்தானுங்க கெளம்புச்சு. பஸ் படியில வழுக்கிக் காலு ஒடிஞ்சு போச்சுங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டுச்சு."

காளியாயி கட்டிய சேலையோடு ஜீப்பில் ஏறினாள். மேகமும் கூடவே வந்தது. வளைவுகளில் ஜீப்போடு ஒழுங்காக வளைந்தது. எதிரே வந்த டூரிஸ்ட் வேன்கள் தாமாக ஓரம் கட்டின.

மஞ்சக்குட்டையில் தன் வீட்டில் சசிகலா மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். கேட்பவர் நிற்க வேண்டும். அவளால் நிற்க முடியாது. காளியாயி மூலையில் இருந்த முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், தங்கச்சிக்காகத் தானே ஏந்தி நின்றாள். விதைக்காரியே முறமேந்தி நின்றதை அந்த மலை அதற்கு முன் கண்டதில்லை. கை கடுத்தது. இறக்கவில்லை. முதலில் ஒரு மணி வந்து விழுந்தது, பிறகு பத்து, பிறகு வானமே சத்தமில்லாமல் சரிந்து முறத்துக்குள் இறங்கியது. காளியாயி அழுதபடியே முறத்தைக் கொண்டுபோய்த் தங்கச்சி மடியில் வைத்தாள்.

"நொம்ப நோவுதா கண்ணு?"

"இப்பத் தேவலக்கா."

அந்த வாரமே இரண்டு பேருடைய காட்டு நிலத்திலும் விதைத்தார்கள். சசிகலாவின் கால் முழுசாகச் சரியாகவில்லை. குனியவோ குத்தவைக்கவோ முடியாது. அவள் காட்டில் மட்டும் சாமை தரையை விட்டு ஒரு முழம் மேலே நின்று விளைகிறது. தொங்கும் வேருக்கடியில் கோழிகள் போய்வருகின்றன. அவள் நின்றபடியே அறுக்கிறாள். மஞ்சக்குட்டைக்காரர்கள் வரப்பில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்புகிறார்கள்.