கேஷானி ரெடியா இல்லை

பதுளை உள்ளரங்கில் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. இரண்டேகாலுக்கெல்லாம் முதல் சண்டையும் தொடங்கிவிட்டது.

கேஷானி ஸ்பிரிங்வெளிக்காரி. வயது இருபத்தெட்டு. கொழும்பில் ஒரு கம்பெனி அணிக்குச் சம்பளத்துக்கு பெட்மின்டன் ஆடுகிறாள். ஆட்டம் நல்ல ஆட்டம்தான். ஆனால் எதிராளி சர்வீஸ் போட வரும்போதெல்லாம் இடது கையைத் தூக்கி, "இன்னும் ரெடி இல்ல" என்பாள். பிறகு சப்பாத்து லேஸைக் கட்டுவாள், வியர்வை துடைப்பாள், ராக்கெட் நரம்புகளை ஒவ்வொன்றாக நேராக்குவாள். எதிராளிக்கு எரிச்சல் தலைக்கேறிய பிறகுதான் குனிந்து நிற்பாள்.

எதிரே நின்ற தயானி ஹாலிஎலைக்காரி, இருபது வயது. அந்த வருடம்தான் வேறொரு கம்பெனி அணியில் சேர்ந்திருந்தாள். அவளுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கைக்கு ஷட்டில் வந்ததுமே போட்டுவிடுவாள்.

இந்த இருவருக்கும் நடுவர் ஜெயகுமார். வெலிமடையில் மரக்கறி லொறி வைத்திருப்பவர். சட்டப் புத்தகம் சட்டைப் பையில் இல்லாமல் நடுவர் நாற்காலியில் ஏறமாட்டார்.

முதல் சண்டை இப்படித்தான் வந்தது. தயானி போட்ட சர்வீஸுக்கு ராக்கெட்டை வீசி, தவறவிட்டு, அதற்கப்புறம் கேஷானி கையைத் தூக்கினாள்.

"நான் ரெடியா இல்லைங்க சேர்."

"அடிக்கப் போனீங்களே?"

"அது கை தானா போச்சுங்க."

ஜெயகுமார் புத்தகத்தைப் பிரித்தார். "திருப்பி அடிக்க முயற்சி பண்ணினா ரெடியா இருந்ததாத்தான் கணக்கு. பொயின்ட் தயானிக்கு."

"தானா போற கைய வீட்டுல வச்சுட்டு வரணும்" என்றாள் தயானி. அதற்கு அவளுக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

மேலே பார்வையாளர் படிகளில் கேஷானியின் அம்மா றீட்டா உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு ஆட்டத்தின் கணக்கு பிடிபடவில்லை. மகள் கையைத் தூக்கும்போதெல்லாம் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக் கைதட்டினார். ஏழு பேரும் சேர்ந்து தட்டியதில் தயானிக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆளுக்கொரு செட் ஆயிற்று. மூன்றாவதில் கேஷானி இருபது, தயானி பத்தொன்பது. சர்வீஸ் தயானியுடையது. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கேஷானிக்குக் கிண்ணம்.

அப்போது திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு குளவி உள்ளே வந்தது.

குளவி என்றால் என்னவென்று கேஷானிக்குத் தெரியும். பத்து வயதில், முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்தவள். அது நேராக அவள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. அவள் பதறி இடது கையைத் தூக்கினாள். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்த தயானி, இந்தத் தடவை நிற்கவில்லை. போட்டுவிட்டாள்.

கேஷானி கண்ணை இறுக மூடிக்கொண்டு ராக்கெட்டை வீசினாள். குளவி ஒரு பக்கம் போய் விழுந்தது. அதே வீச்சில் அடிபட்ட ஷட்டில் வலையின் மேல்விளிம்பில் பட்டு, கொஞ்சம் யோசித்து, தயானியின் பக்கம் விழுந்தது.

"சேர், அவங்க ரெடியா இல்ல!" என்று தயானி கத்தினாள். "லெட் குடுங்க! திரும்பப் போடணும்!"

"நான் ரெடியாத்தான் இருந்தேன்!" என்றாள் கேஷானி.

ஜெயகுமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மணி நேரமாக இதே இருவரும் இதற்கு நேர் எதிராகச் சத்தம் போட்டது அவர் காதில் இன்னும் இருந்தது.

"கையத் தூக்கினீங்களே?"

"வியர்வை தொடைக்கத் தூக்கினேன் சேர்."

"அப்ப ஷட்டில அடிக்கத்தான் வீசினீங்க?"

கேஷானி பதில் சொல்வதற்குள் படிகளிலிருந்து றீட்டாவின் குரல் வந்தது. "புள்ள! கடிச்சிருச்சா?"

"இல்லம்மா, கடிக்கல!" என்று கேஷானி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"என்ன கடிக்கல?" என்றார் ஜெயகுமார்.

நுளம்பு என்று சொல்லியிருக்கலாம்; ஒரு கொசுவுக்காக யாரும் ராக்கெட் வீசமாட்டார்கள், ஷட்டிலைத்தான் அடித்தாள் என்று ஆகியிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் தயானி உதட்டைக் கடித்துக்கொண்டு, அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அந்தப் பொய் தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்டது.

"குளவி சேர். நான் குளவியத்தான் அடிச்சேன். ஷட்டில் வந்ததே எனக்குத் தெரியாது."

ஜெயகுமார் வழக்கம்போலப் புத்தகத்தைப் புரட்டினார். குளவியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மூடி வைத்தார்.

"குளவிக்கு ரெடியா இருந்தீங்க. ஷட்டிலுக்கு இல்ல. லெட்."

தயானி சர்வீஸ் கட்டத்தில் போய் நின்றாள். முதல் தடவையாக, "அக்கா, ரெடியா?" என்று கேட்டாள். கேஷானி தலையசைத்த பிறகுதான் போட்டாள். ஷட்டில் நாற்பது தடவையாவது அங்குமிங்கும் போயிருக்கும். கடைசியில் கேஷானி அடித்தது கோட்டுக்கு வெளியே விழுந்தது. இருபதுக்கு இருபது. அடுத்த இரண்டு புள்ளிகளையும் தயானியே எடுத்தாள்.

கேஷானி கைகுலுக்கிவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போய், முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நுளம்பு என்று ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் கிண்ணம் கையில் இருந்திருக்கும். நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

றீட்டா உள்ளே வந்தார். "தோத்துட்டேம்மா" என்றாள் கேஷானி.

"தெரியும், அந்தப் புள்ள குதிச்சதப் பார்த்தேன். மொகத்தக் காட்டு." தாடையைப் பிடித்துத் திருப்பி, காது, கழுத்து எல்லாம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. வா, ரொட்டி ஆறுது."

அந்நேரம் கொழும்பிலிருந்து அணி மானேஜர் தொலைபேசியில் கூப்பிட்டார். கேஷானி எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

"குளவி பெருசா?" என்று கேட்டார் மானேஜர்.

"பெருசுதான் சேர்."

"சரி. திங்கக்கிழமை பயிற்சிக்கு வந்துருங்க."

போனை வைத்துவிட்டு அவள் மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.