மைனஸ் ஒன்றாம் லெவல்

பக்கவாதம் வந்து நான்கு மாதமாகியும் சைலஸின் வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. பேச்சு வந்தது. கால், கொஞ்சம் இழுத்துக்கொண்டாலும், வந்தது. கோபம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. கை மட்டும், வீட்டுக்கு வந்த யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல, மடியில் இறுக மூடிக் கிடந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோ மமதா, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் தொழிலாளர் லைன் வீட்டுக்கு ஒரு மிஷின் கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்புக் கையுறை, அதன் முதுகில் சின்னச் சின்ன மோட்டார்கள், கூடவே ஒரு டேப்லெட். கையுறை விரல்களை விரிக்கும், மூடும். விரல் தானாகவே கொஞ்சம் அசைய ஆரம்பித்தால் டேப்லெட் அடுத்த லெவலுக்குப் போகும், மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும்.

"மூணாவது லெவல்ல வெச்சிருக்கேன் அங்கிள். ஆறு வாரம் உங்ககிட்ட இருக்கும். நடுவுல முன்னேற்றம் இல்லேன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம். பூதிகோட்டைல கோவிந்தம்மான்னு ஒருத்தங்க காத்திருக்காங்க."

லைன் வீட்டுக்குள் சிக்னல் எட்டிப் பார்ப்பதோடு சரி, உள்ளே வருவதில்லை. டேப்லெட்டில் பதிவானது எதுவும் பெங்களூருக்குப் போய்ச் சேராது. எனவே புதன்கிழமைதோறும் மமதா போன் செய்து கேட்பதென்று ஏற்பாடு. சைலஸ் வாசல் வேப்பமரத்தடிக்குப் போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

தினமும் மூன்று மணிக்கு மனைவி ஐடா கையுறையை மாட்டிவிடுவாள். டேப்லெட்டில் ஒரு மீன் வரும். விரல் விரிந்தால் அது வாயைத் திறக்கும். சைலஸுக்கு அந்த மீன்மேல் மரியாதை கிடையாது. கண்ணை மூடிக்கொள்வார். சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று மாவு போலத் தூசியைக் கொண்டுவந்து ஜன்னலில் பூசும். மோட்டார் முனகும். நாலாம் நாள், "லெவல் ஃபோர்" என்றது டேப்லெட்டுக்குள்ளிருந்த பெண்.

சுரங்கம் மூடும்வரை இருபத்திரண்டு வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர் சைலஸ். லெவல் என்ற சொல்லுக்கு அவரிடம் ஒரே அர்த்தம்தான். நாற்காலி மெல்லக் கீழே இறங்கியது. சமையலறை மேலே போயிற்று, காலண்டர் மேலே போயிற்று, ஐடாவின் செருப்புகள் மேலே போயின. ஈரப் பாறையின் வாசனை வந்தது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. நாற்காலி நின்ற இடத்தில் நீளமாக ஒரு பாதை. அதன் கோடியில், ஒரு மரப்பெட்டியின்மேல், அவருடைய வலது கை தனியாக உட்கார்ந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரையும் மேலே ஏற்றிப்போன கேஜை, அந்த லிஃப்ட் கூண்டை, அது மட்டும் தவற விட்டிருந்தது.

"பார்த்தேன் ஐடா," என்றார், கண்ணைத் திறந்து.

"யாரை?"

"கையைத்தான். கீழ ஒக்காந்துனுகீது."

ஐடா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா ஒக்காந்துனுகீது."

"உங்க கைதானே. வேற இன்னா பண்ணும்?"

புதன்கிழமை மமதா கேட்டாள். "லெவல் எப்படி அங்கிள்?"

"ஒண்ணு எறங்கிக்கீறேன்மா," என்றார் சைலஸ் பெருமையாக.

மமதா தன் நோட்டில் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள். "பரவாயில்ல அங்கிள். மனசைத் தளர விடாதீங்க."

"நான் இன்னாத்துக்குத் தளரணும்?" என்று அவர் வேப்பமரத்தைக் கேட்டார்.

இரண்டாவது வாரம் இன்னும் ஒன்று இறங்கினார். அங்கே காற்று சுட்டது. கையின் முதுகில் வியர்வை மினுக்கியது தெரிந்தது. கூப்பிட்டார், கை திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குக் காது இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மூன்றாவது வாரம் ஒரேயடியாக இரண்டு லெவல். மோட்டார் ஏறக்குறைய கைவிட்டுவிட்ட ஆழம் அது. அங்கே போனபோது கை விரல்களால் பெட்டியை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி.

"இன்னும் ரெண்டு எறங்கிட்டேன்மா!"

மமதா நோட்டைப் புரட்டிக் கழித்துப் பார்த்தாள். மமதாவின் கணக்குப்படி சைலஸ் இப்போது மைனஸ் ஒன்றாம் லெவலில் இருந்தார். மிஷின் செய்தவர்கள் அப்படி ஓர் இடத்தை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. சனிக்கிழமை மிஷினை எடுத்துக்கொள்ள வருகிறார்கள். ஐடா அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

"ஆள் பாதி வழியில கீறப்ப கேஜை எடுத்துனு போவாங்களா?" என்றார் சைலஸ். அன்று மூன்று மணிக்கு முன்பாகவே கையுறையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்துத் தூக்கம் வந்துவிட்டது. மீன்தான் தனியாகக் கிடந்தது.

மறுநாள் மதியம் மமதாவே பையோடு வந்தபோது சைலஸ் கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். "சாரி ஆன்ட்டி. மூணு வாரமும் எறங்கினேன் எறங்கினேன்னுதான் அங்கிள் சொல்றாரு. மிஷின் ஒத்துக்கல போல."

"ஒத்துக்காம தான் ஏழாவது லெவலுக்குப் போனேனா?" என்றார் சைலஸ்.

மமதா டேப்லெட்டைத் தட்டினாள். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. மறுபடியும் தட்டினாள். அதே ஏழு.

"அங்கிள்! மேல போயிருக்கீங்க! எதுக்கு எறங்கினேன்னு சொன்னீங்க?"

"ஏழாவது லெவல் மேலயாம்மா இருக்கும்?" சைலஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா ஐடா, இந்தப் பொண்ணு பெங்களூர்ல இன்னா படிச்சிது?"

"இந்த ஊர்ல ஒண்ணாவது லெவல்தாம்மா மேல," என்றாள் ஐடா. "நம்பர் ஏற ஏற ஆழம்."

மமதா நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு பூதிகோட்டைக்குப் போன் போட வாசலுக்குப் போனாள். கோவிந்தம்மா அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, திரும்பி வரும்போது சிரிப்பு பாதிதான் இருந்தது. "மூணு வாரம் பொறுத்துக்கிறாங்களாம். உங்களுக்கு நல்லா ஆகணும்னு சொன்னாங்க." ஒரு படிவத்தை எடுத்து 'ஏற்றம்' என்ற கட்டத்தில் டிக் அடித்து நீட்டினாள். "இதுல சைன் பண்ணுங்க அங்கிள். மிஷின் இங்கேயே இருக்கும்."

சைலஸ் படித்தார். "நான் ஏறலையே."

"போட்டுத் தொலைங்களேன்," என்றாள் ஐடா. "ஏறினேன்னா இன்னா, எறங்கினேன்னா இன்னா? மிஷினை எடுத்துனு போயிடுவாங்க!"

"கீழ ஒருத்தன் ஒக்காந்துனுகீறான். நான் மேல வந்துட்டேன்னு கையெழுத்து போடுவேனா? இந்த ஊர்ல எவனாவது போட்டுக்கீறானா?"

ஐடா படிவத்தை வாங்கி மமதாவிடமே திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான்.

மமதா அந்த டிக்கின்மேல் கோடு போட்டு நீக்கினாள். ஓரத்தில் எழுதினாள், வாய்விட்டுப் படித்துக்கொண்டே: "நோயாளி ஏழாவது லெவலில் இருக்கிறார். வேலை நடந்துகொண்டிருக்கிறது."

"இது சரி," என்றார் சைலஸ். இடது கையால் பேனாவை வாங்கி, கையுறை மாட்டிய வலது கையின் விரல்களுக்கு நடுவே செருகினார். பேனா தாளில் பட்டது. மேலிருந்து கீழாக, வளையாமல், ஒரு நீளக் கோடு இறங்கியது. தாளின் அடிவரைக்கும் போய் நின்றது.

"போதும் அங்கிள், பேனாவைக் குடுங்க."

விரல்கள் விடவில்லை. பிடிப்பது அந்தக் கைக்கு எப்போதும் சுலபம். விடுவதுதான் நான்கு மாதமாக நடக்காத காரியம். மமதா மோட்டாரைப் போடக் கையை நீட்டினாள்.

"போடாத," என்றார் சைலஸ். கண்ணை மூடினார்.

சமையலறை மேலே போயிற்று. காலண்டர் போயிற்று. மமதாவின் பை போயிற்று. வெகு நேரம் அவர் கீழே போய்க்கொண்டே இருந்தார். மேலே இரண்டு பெண்கள் மூச்சுவிடாமல் ஒரு ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நடுங்கியது. தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல அசைந்தது. பிறகு, தானாக, ஒரு விரற்கடை அளவுக்கு விலகியது.

பேனா விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. யாரும் குனியவில்லை.

"இன்னாங்க," என்று ஐடா மெதுவாகக் கேட்டாள், அவர் காதுக்குக் கிட்டே வந்து. "இன்னா பண்ணுது?"

"எழுந்து நின்னுக்கிச்சு," என்றார் சைலஸ்.