எட்டாவது முனை

“அக்கா சாப்பிட்டாளான்னு கேளு” என்று முன்னறையிலிருந்து டெல்மரின் குரல் வந்தபோது, லவோன் சமையலறை மேசையில் டைமன் வடிவத் துணித்துண்டு ஒன்றின் கூர்முனையை இன்னொன்றின் கூர்முனைமேல் வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

கேட்கச் சொன்னது அவன் மனைவியிடம். சார்மெய்ன் வாசலில் வந்து நின்றாள்.

“மதினி, சாப்பிட்டியான்னு கேக்குறாரு.”

“சாப்பிட்டேன்னு சொல்லு.”

“எங்க சாப்பிட்ட? நான் வச்ச சூப்பு ஆடை கட்டி அப்படியே கெடக்கு.”

“உன் சூப்பக் குடிச்சா அவனுக்கு முந்தி நான் போயிருவேன். சாப்பிட்டேன்னு சொல்லுடி.”

உள்ளே போய் அவள் சொன்னதும், “பொய்” என்று டெல்மர் சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

குரல் உடைந்த வயதிலிருந்து அவன் அக்காளிடம் முகம் பார்த்துப் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. பகை கிடையாது. கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் வைக்கிற மரியாதை அது. பாப்ளர் என்ற அந்தச் செவ்விந்தியக் குடியிருப்பில் மற்ற வீடுகளில் எல்லாம் தளர்ந்துபோயிற்று, அவர்கள் வீட்டில் தளரவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் வழக்கம் நேர் எதிர். அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்தே ஆக வேண்டும். கேலி நின்றால் ஊர் சண்டை என்று நினைக்கும். போதாததற்கு சார்மெய்ன் க்ரோ என்ற வேறொரு இனத்தவள். அந்தக் காலத்தில் இவர்கள் குதிரையை அவர்களும் அவர்கள் குதிரையை இவர்களும் திருடிக்கொண்டே இருந்தவர்கள். “உன் பாட்டனுங்க குதிரையத்தான் ஓட்டிட்டுப் போனாங்க, நீ ஆளையே ஓட்டிட்டுப் போயிட்டியேடி” என்று லவோன் கல்யாணத்தன்றே ஆரம்பித்தாள். “குதிரைன்னா திருப்பிக் குடுத்திருப்போம் மதினி. இது தீனி அதிகம், நீயே வச்சுக்க” என்று அவளும் அன்றே பதில் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். லவோனும் சிரித்தாள். தனக்கு அது கேலியில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மேசைமேல் கிடந்த நட்சத்திரப் போர்வை, துணித்துண்டுகளை எட்டு முனை நட்சத்திரமாகச் சேர்த்துத் தைப்பது, அந்தக் கல்யாணத்துக்கும் மூத்தது. டெல்மர் பட்டாளத்தோடு பாலைவனப் போருக்குப் போன குளிர்காலத்தில் ஆரம்பித்தது. போரிலிருந்து வருகிறவனுக்கு நட்சத்திரம் போர்த்துவார்கள். கடையில் துணி எடுக்க அன்றைக்கு வசதி இல்லை. அவனுடைய பள்ளிக்கூடச் சட்டை, அப்பாவின் வேலைக் கால்சட்டை, ஜன்னல் திரை, கிழிந்தது எதுவோ அதையெல்லாம் வெட்டினாள். எட்டு முனைகளில் மூன்றுதான் ஆகியிருந்தது, அவன் வந்துவிட்டான், பக்கத்தில் க்ரோக்காரியோடு. அம்மா தான் தைத்து வைத்திருந்த நட்சத்திரத்தை எடுத்து இரண்டு பேர் தோளிலும் சேர்த்துப் போர்த்தினாள். லவோன் தன்னுடையதைச் சுருட்டிப் பெட்டியில் போட்டாள்.

அதற்குப் பிறகு அது வயிற்றெரிச்சலில்தான் வளர்ந்தது. நாலாவது முனை, அம்மா தையல் மெஷினை மகளுக்குக் கொடுக்காமல் மருமகளுக்குக் கொடுத்த வருஷம். ஐந்தாவது, அதே மெஷினில் சார்மெய்ன் தைத்த முதல் நட்சத்திரத்தைப் பார்த்து ஊர்ப் பெண்கள் வாய் பிளந்த வருஷம். ஆறாவது, டெல்மர் தன் மாமியார் வந்து தங்குவதற்கென்று வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டிய கோடை. ஏழாவது எதற்காக என்பது மறந்துபோயிற்று, எரிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் ஈர விரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து, தோள் கழன்று விழுகிற மாதிரி இருக்கும்போதும், எரிச்சல் இருந்தால் உட்கார்ந்து தைத்துவிடுவாள். சண்டையில்லாத நல்ல வருஷங்களில் ஒரு துண்டுகூடச் சேரவில்லை.

சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் செய்தது போதும், இனி வேண்டாம் என்று டெல்மர் சொன்ன அன்றைக்குப் பெட்டியைத் திறந்தாள். இந்தத் தடவை மனசில் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் துணியையும் தன் சின்னத் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்து பார்த்தால் அவன்மேல் சார்மெய்ன் தைத்த நட்சத்திரம் கிடந்தது. நடுவில் சிவப்பு, அது ஆரஞ்சாகி, ஓரத்துக்கு வரும்போது மஞ்சள். ஒரு முனை பிசகவில்லை.

அவன் கண் மூடுவதற்குள் இதை முடித்து அவன்மேல் போட வேண்டும். முடியாவிட்டால், ஊர் பார்க்க, சவப்பெட்டிமேல் கிடப்பதாவது தன்னுடையதாக இருக்க வேண்டும். லவோனுக்கு வேறு நினைப்பில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. சார்மெய்ன் ஈரப் பஞ்சால் அவன் உதட்டைத் துடைப்பது தெரிந்தது. உள்ளங்கையைத் தேய்த்து விடுகிறாள். காதோரம் குனிந்து என்னவோ சொல்கிறாள், அவன் முனகுகிறான். அந்தக் கையை அவள் இஷ்டத்துக்குப் பிடிக்கலாம், விடலாம். லவோன் பார்வையைத் திருப்பி மெஷினை மிதித்தாள். வெளியே மார்ச் மாதக் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

எட்டாவது முனையின் கடைசி வரிசை ஓடிக்கொண்டிருந்தபோது சார்மெய்ன் வந்து அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு நின்றாள்.

“மதினி, மெஷின நிறுத்து.”

லவோன் நிறுத்தவில்லை. தையல் கூர் வரைக்கும் போயிற்று. ஊசியைத் தூக்கி, நூலைக் கத்தரித்து, துண்டை மடியில் வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். சார்மெய்னின் விரலில் பஞ்சு இன்னும் இருந்தது.

“ஏதும் சொன்னானா?”

“தண்ணி கேட்டாரு.”

“குடுத்தியா?”

“குடுத்தேன்.”

 லவோன் எழுந்து, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அது ஆறும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் உறவுக்காரப் பெண்கள் சாவுச் சாப்பாட்டுக்காக ஊர்ப் பொது ஹாலுக்கு வந்து, பெரிய அண்டாக்களில் கறியும் கிழங்கும் வேகவைத்து, எண்ணெயில் ரொட்டி பொரித்தார்கள். பெரியப்பா மகன் வெர்டெல் தன் கொட்டகையில் பைன் பலகையில் சவப்பெட்டி அடித்தான். லவோன் எட்டு முனைகளையும் சேர்த்து, நாலு மூலைக்கும் வெள்ளைத் துணி கொடுத்து, ஹாலின் பின்னறைத் தரையில் பஞ்சு விரிப்பின்மேல் போர்வையைப் பரப்பினாள். இழையிழையாகத் தைக்க நேரமில்லை. கம்பளி நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டால் போதும் என்று நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நட்சத்திரம் தரையில் படுக்கவில்லை. நடுப்பகுதி உப்பி எழும்பி நின்றது. லவோன் கையால் அமுக்கினாள். ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் எழும்பியது.

“மதினி, நடுவுல கூடாரம் அடிச்சிருக்க” என்றாள் சார்மெய்ன். “உள்ள யாரு குடியிருக்கப் போறா?”

எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு. லவோனுக்குக் காது சுட்டது. காரணம் அவளுக்குத் தெரியும். டைமன் துண்டு துணி இழைக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டினது. பொறுமையாகப் பிடித்தால் படிந்து வரும், இழுத்துத் தைத்தால் நீண்டுவிடும். ஒவ்வொரு துண்டிலும் மயிரிழை அளவு. எட்டும் சேருகிற நடுவில் அத்தனையும் வந்து நிற்கும். இவள் எந்த வருஷம் இழுக்காமல் தைத்தாள்?

முடிச்சுப் போட்டு முடித்து மற்றவர்கள் சாப்பாட்டு வேலைக்குப் போன பிறகும் சார்மெய்ன் போகவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இதப் பெட்டி மேல போடணும்னு இருக்கியா?”

“ஏன், உன்னோடதுதான் போடணும்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கா?”

“இல்ல. மேல கெடக்குறது அவரோட போகாதுல்ல, அதுக்குக் கேட்டேன். குழியில எறக்குறதுக்கு முன்னாடி எடுத்து, தூக்குறவங்கள்ல மூத்தவன் கையில குடுப்பாங்க. வெர்டெல்தான் மூத்தவன். அவன் ட்ரக்குல போட்டு நாயப் படுக்க வைப்பான்.”

“உன் நட்சத்திரத்து மேல நாய் படுக்கட்டும். அதுக்காவது தூக்கம் வரட்டும்.”

“அதான் நானும் சொல்றேன்” என்றாள் சார்மெய்ன். பொறுக்கின நூலை உள்ளங்கையில் உருட்டினாள். “உள்ள போடுறது அவரோட போகும்.”

லவோன் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினாள். பிறகு, “உள்ள எதப் போடுறதா இருந்த?” என்றாள்.

“என்னோடத.”

“இப்ப?”

“இப்ப நீ சொல்லு. மேலயா, உள்ளயா?” அவள் எழும்பி நின்ற துணியை ஒரு விரலால் தட்டினாள். “உள்ளன்னா இது அவரு தொப்பைக்கு அளவெடுத்த மாதிரி உக்காரும்.”

லவோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. தன் இடத்தை விட்டுக் கொடுக்கிறாளா, இல்லை, கோணல் தையலை ஊர் கண்ணில் படாமல் மூடுகிறாளா? க்ரோக்காரியின் முகத்தை எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. தூங்காத முகமாக இருந்தது, அவ்வளவுதான். மேலே போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், கூடாரத்தையும் பார்ப்பார்கள். உள்ளே போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், டெல்மர் வைத்துக்கொள்வான்.

“உள்ள” என்றாள் கடைசியில். “குப்பைய உள்ள தள்ளி மூடுறதுல உன்ன மிஞ்ச ஆளில்லடி.”

“உன் வீட்டுல வந்து கத்துக்கிட்டது” என்று சொல்லிவிட்டு சார்மெய்ன் எழுந்தாள். எழும்போது லவோனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

அடக்கத்தன்று காலையில் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி முதுகில், சார்மெய்னின் நட்சத்திரம் மடித்துக் கிடந்தது. வரிசையில் வந்தவர்கள் டெல்மரைப் பார்த்துவிட்டு, நகரும்போது அதைத் தொட்டுப் பார்த்தார்கள். “சார்மெய்ன் கையா? முனையெல்லாம் எப்படி வந்து சேருது பாரு” என்றாள் ஒரு கிழவி, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து. அவளே பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “உள்ள என்னமோ பழைய துணி போத்தியிருக்காங்க” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். லவோன் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். கிழவி நகர்ந்தபின் போய், நாற்காலியில் தொங்கின போர்வையின் ஓரத்தை, அவள் கசக்கின இடத்தில், தேய்த்துச் சரிசெய்தாள்.

பாட்டு முடிந்தது. வெர்டெல் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

லவோன் முன்னால் போனாள். குனிந்து தம்பியின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். புருவத்தில் நரை இருந்தது. எப்போது வந்ததோ. போர்வையைத் தோள் வரை இழுத்து, முதியோர் இல்லத்துக் கட்டிலில் விரிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் செருகி, கால்மாட்டில் மடித்து இறுக்கினாள். சுருக்கமில்லாமல் வந்தது. நடுவில் எழும்பினது சொன்ன மாதிரியே அவன் வயிற்றில் போய் உட்கார்ந்திருந்தது.

சார்மெய்ன் வந்து, கால்மாட்டில் செருகினதை உருவினாள்.

“என்னடி பண்ற?”

“ஒரு காலு வெளிய இருக்கணும் மதினி. மூடினா தூங்க மாட்டாரு. பனி கொட்டுறப்பவும் அப்படித்தான்.”

லவோனின் கை போர்வை ஓரத்திலேயே நின்றது. அவன் தூக்கத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அவள் இடுப்பில் அவன் உட்கார்ந்திருந்த வயதோடு சரி.

வெர்டெல் மூடியைக் கை மாற்றிப் பிடித்தான்.

“எந்தக் காலு?” என்றாள் லவோன்.

“எடது.”

சார்மெய்னின் கையை விலக்கிவிட்டு, எட்டாவது முனையை அவளே மடித்து மேலே ஏற்றினாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, குதிகாலில் தேய்ந்தது, கணுக்கால் வரை வெளியே தெரிந்தது.