கூட்டத்துக்கு வந்தவள்

"கூட்டத்தை நடத்துங்க."

கேட்டே விட்டாள். வார்டு உறுப்பினராக ஜெயித்து வந்த அன்றே பேரூராட்சி மன்றத் தலைவர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "விளக்கு கேளு, சாக்கடை கேளு, கூட்டப் படி பத்தலைன்னு கேளு, வாங்கித் தர்றேன். கூட்டம் வைங்கன்னு மட்டும் வாயைத் திறந்துடாதம்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவளும் வேடிக்கை என்று நினைத்துத் தலையாட்டி வைத்தாள்.

மன்றத்தின் கூட்ட அறையில், வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"நடந்துட்டுதானேம்மா இருக்கு? வீடு வீடா நடக்குது."

அதுதான் அந்த மன்றத்து வழக்கம். கூட்ட நாளன்று கிளார்க் பதிவேட்டோடு கிளம்பிவிடுவார். ஒருவர் கடைக் கல்லாவில் இருந்தபடியே கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு போடுவார். போட்டவர் வந்தவர், அவருக்குக் கூட்டத்துக்கான படிப் பணம் உண்டு. தீர்மானங்களைத் தலைவர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். எல்லாருக்கும் சௌகரியம்.

அவள் மட்டும், வாசலில் நின்று போடமாட்டேன், கூட்டத்தில்தான் போடுவேன் என்று கிளார்க்கைத் திருப்பி அனுப்பினாள். போன இரண்டு கூட்டங்களுக்கும் இந்த அறைக்கு வந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். நீள மேசை, சுற்றிலும் தூசி படிந்த நாற்காலிகள். பேச வேண்டியதை வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கேட்க ஆளில்லை. ஒருத்திக்காக ஓடுகிறதே என்று மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டு, புழுக்கத்தில் இருந்துவிட்டுப் போனாள்.

பதிவேட்டில் அவள் அந்த இரண்டுக்கும் வரவில்லை. வீட்டில் குறட்டை விட்டவர்கள் வந்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் பதவி தானாகப் பறிபோகும் என்பது விதி. இது மூன்றாவது கூட்டம்.

பக்கத்து வார்டு உறுப்பினரான தையற்கார அக்காவுக்குப் போன் போட்டாள். தேர்தலில் இருவரும் ஒன்றாகத் தெருத் தெருவாக அலைந்தவர்கள்.

"அக்கா, வாங்களேன். ரெண்டு பேரா உட்கார்ந்தா நடத்தித்தான் ஆகணும்னு சத்தம் போடலாம்."

தையல் மெஷின் சத்தம் நின்றது. "காலையிலயே கையெழுத்து போட்டாச்சேடி."

"கூட்டத்துல என்ன பேசினீங்கன்னாவது தெரியுமா?"

"நல்லாத்தான் பேசியிருப்பேன்." அக்கா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "கோவிச்சுக்காத. இந்தப் படி வர்றதாலதான் என் வீட்டுல வாயை மூடிட்டு இருக்காங்க. நீ தனி ஆளு. எடுத்தெறிஞ்சு பேசுவ."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தனி ஆளு. போனைப் பைக்குள் போட்டாள்.

கிளார்க் செருமினார். "கூட்டம் நடக்காம கையெழுத்து போடமாட்டீங்க. தலைவரே ஒரு வழி சொல்லி அனுப்பியிருக்காரு. மூணு கூட்டத்துக்கும் உடம்பு சரியில்ல, லீவு வேணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மன்றம் ஏத்துக்கும். பதவி பிழைச்சுக்கும்."

"மன்றம் எப்ப கூடும்?"

"இதோ, மறுபடி வண்டியை எடுத்தா கூடிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; கூடவே அப்பா நினைவும் வந்தது. மூட்டை தூக்கிப் படிக்க வைத்த அப்பா, யார் வந்தாலும் "உறுப்பினர் உள்ளதான் இருக்காங்க" என்பார். பெற்ற மகளைப் பேர் சொல்லி அழைப்பதையே விட்டுவிட்டார். ஒரு வரி எழுதினால் அவர் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பார். கல்லுக்குண்டு மாதிரி வந்து உட்கார்ந்தவள், அதற்காக நோயாளி ஆகவேண்டும்.

வெள்ளைத்தாளை இழுத்து எழுதினாள்: "மூன்று கூட்டங்களுக்கும் நான் வந்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை." கீழே கையெழுத்துப் போட்டு, நகலும் ஒன்று எழுதினாள்.

கிளார்க் படித்துவிட்டுத் தாளை மெல்ல அவள் பக்கமே தள்ளினார். "இதை நான் வாங்கினா உங்க பதவி போச்சும்மா. கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

"வாங்கிக்கிட்டேன்னு சீல் வைங்க."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சீல் வைங்க."

வைத்தார். நகலை மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு, அவர் கிளம்பும் முன்பே அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.