பன்னிரண்டு மணிக்கு நிற்கும் ஏசி

வியாழக்கிழமை காலை றஜனி அக்கா வீட்டுக்குப் போனபோது என் பையில் இன்னொரு புதிய சென்சர் இருந்தது. கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு, வாலில் மூன்று கம்பிகள். குழாய்க்குள் காஸின் அமுக்கம் எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் அதன் வேலை. அமுக்கம் எல்லை மீறினால் ஏசி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

திங்கட்கிழமைதான் அந்த வீட்டில் ஒன்றை மாற்றியிருந்தேன். பழையது நினைத்த நேரமெல்லாம் எல்லை மீறிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் கம்பி முனை பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டிச் சுத்தம் செய்து, புதியதைப் பூட்டி, "இனிப் பிரச்சினை இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏசி நின்றது. ஐந்தரைக்குப் போனேன், நன்றாக ஓடியது. புதன்கிழமை காலை போய் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நான் பாலம் தாண்டி டவுனுக்கு வந்து சேர்வதற்குள் அக்காவின் அழைப்பு. திரும்பவும் பன்னிரண்டு மணி.

றஜனி அக்கா கல்லடியில், வாவிக்கரை வீட்டில், கல்யாணக் கேக் செய்கிறவர். சனிக்கிழமை பழுகாமத்தில் மேனுகா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். ஊர்க்குளத்தில் பூக்கிற அல்லி மாதிரியே கேக்கிலும் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். நூற்று நாற்பது அல்லி, எல்லாம் சீனியில். இதழ் ஒவ்வொன்றையும் நகம் போல மெல்லியதாக உருட்டி, குளிர்ந்த உலர்ந்த அறையில் காயவைக்க வேண்டும். ஏசி நின்று அரைமணி நேரமானால் வாவிக்காற்றின் ஈரம் உள்ளே வந்துவிடும். இதழ்கள் வியர்த்துத் தலைகுனியும். செவ்வாய்க்கிழமை மட்டும் நாற்பது பூ போயிற்று.

"வந்திட்டியா புள்ள?" அக்கா அறைக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து கேட்டார். மூக்கில் ஐசிங் சீனி. "இண்டைக்கும் நிண்டுதெண்டா இந்தப் பூவெல்லாத்தையும் வாவிக்குள்ள கொட்டிட்டு நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிருவன்."

"மடத்தில ஆறு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சிருவாங்க. ராவைக்குப் பத்து மணிக்குச் சாப்பிடுற நீ தாங்கமாட்டாய்" என்றார் அவருடைய கணவர் வின்சன்ற் அண்ணன், சேட்டுக்குப் பட்டன் போட்டபடி. அவர் பாடசாலை வேன் ஓட்டுகிறவர். காலை ஓட்டம் முடித்து வந்திருந்தார்.

"நீங்க பேசாம இருங்க. என்ர தம்பி அலன் வேற ஆளப் பாக்கச் சொல்றான், றெபேக்கா. பின்னேரம் வரைக்கும் பாப்பம் எண்டு சொல்லி வச்சிருக்கன்."

அதில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

ஏசியின் வெளிப்பெட்டி வீட்டின் பின்பக்கம், வாவியைப் பார்த்த மேற்குச் சுவரில், இடுப்பளவு உயரத்தில் இருந்தது. முன்னால் குந்தியிருந்து பையைத் திறந்தேன். புதிய சென்சர்தான் முதலில் கைக்கு வந்தது. பூட்ட இருபது நிமிடம் போதும். மாற்றும்போது கைக்கு ஒரு வேலை இருக்கும். வேலை செய்கிற கையைப் பார்த்தால் எல்லோருக்கும் நம்பிக்கை வரும், எனக்கும் வரும். பன்னிரண்டு மணி வரைக்கும் நான் கெட்டிக்காரியாக இருக்கலாம்.

எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். இன்றைக்கும் நான் கேற்றைத் திறந்தால் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். "சேர் எப்ப வருவார்?" என்பார்கள். அதனாலோ என்னவோ எனக்கு ஒரு பழக்கம். வேலை செய்யும்போது வாய் ஓயாமல் விளக்கம் சொல்வேன்: இது இன்னது, இது இதனால் கெட்டது, இனி இப்படி வைத்திருங்கள். யாரும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். பேச்சை நிறுத்தினால் நான் அங்கே இருப்பதே மறந்துபோகும் என்று ஒரு பயம். திங்கட்கிழமையும் அப்படித்தான், டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற வின்சன்ற் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் வாயே திறக்கவில்லை.

சென்சரைப் பைக்குள் திரும்பப் போட்டேன். பதிலாக அமுக்கம் காட்டும் கேஜை எடுத்துக் குழாயில் பூட்டினேன். சென்சரின் கம்பியில் மீற்றரைக் கொழுவினேன். ஒரே அமுக்கத்தை இரண்டு பேரிடம் கேட்பது இது. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் சென்சர் நல்லது.

பத்து மணிக்குக் கேஜ் முந்நூற்று எழுபது. மீற்றர் இரண்டே முக்கால் வோல்ற். வோல்ற்றை அமுக்கமாக மாற்றிக் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் முந்நூற்று எழுபதுதான்.

நான் பூட்டிய சென்சர் பொய் சொல்லவில்லை. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் இன்னொரு பயம் வந்தது. அது நல்லதென்றால், கெட்டது எது?

இந்த முறை நான் திரும்பிப் போகவில்லை. கிணற்றுக்கட்டில் சாத்தியிருந்த, தென்னோலை பின்னிய கிடுகுத் தட்டியின் நிழலில் உட்கார்ந்து கேஜின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்குக் கச்சான் எழும்பியது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே வயல்வெளிகளின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வாவியைத் தாண்டி வரும் காற்று. இந்த நாட்களில் மேற்கு வாசல் உள்ள வீடுகளில் கிடுகோ சாக்கோ கட்டி மறைத்துவிடுவார்கள். முள் மெல்ல ஏறி நானூற்று இருபதில் நின்றது. மீற்றரும் கூடவே ஏறியது. சூடு கூடினால் அமுக்கம் கூடும். அது நியாயமான ஏற்றம். ஏசி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"றெபேக்கா, வா புள்ள சாப்பிட!" குசினியிலிருந்து அக்காவின் குரல்.

"பன்னிரண்டு தாண்டட்டும் அக்கா."

"நீ போய்ச் சாப்பிடு புள்ள" என்றார் பின்கதவால் வந்த வின்சன்ற் அண்ணன். "நான் இஞ்சதானே நிக்கிறன். பாத்துக்கொள்றன்."

வாவி இறால் குழம்பின் வாசம் என்னை எழுப்பிவிட்டது. காலையில் நான் ஒரு பணிஸ் மட்டும்தான் சாப்பிட்டிருந்தேன்.

மூன்றாவது வாய் சோறு வைத்திருப்பேன். சுவருக்கு அப்பாலிருந்து வந்த இரைச்சல் மாறியது. மேடு ஏறும் வேன் போல முனகியது. அக்காவும் கேட்டுவிட்டார். அவர் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. நான் குழம்புக் கையோடு பின்பக்கம் ஓடினேன்.

வின்சன்ற் அண்ணன் கயிற்று நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றார். நான் காலையெல்லாம் நிழலுக்கு உட்கார்ந்திருந்த கிடுகுத் தட்டி இப்போது வெளிப்பெட்டியின் முகத்தோடு முகமாக, ஒரு விரல் இடைவெளி இல்லாமல் இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் கட்டி முடிந்திருந்தது. மறுபக்கத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கேஜ் ஐந்நூற்று எழுபது. மீற்றர் நாலு வோல்ற். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டக்கென்று, ஏசி நின்றது.

"அண்ணன், என்ன செய்றீங்க?"

கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். "என்ன செய்ற? கச்சானுக்கு மறைக்கிறன். நீதானே சொன்ன."

"நான் எப்ப சொன்னன்?"

"திங்கக்கிழம. கச்சானும் உப்பும் சேந்து கம்பிமுனையத் திண்டுபோட்டுது எண்டு சொன்னியா இல்லியா? புதுச் சாமான் போட்டிருக்கு. அதையும் திங்க விடுறதா?"

"அப்ப ஒவ்வொரு நாளும் கட்டினீங்களா?"

"பின்ன? பன்னிரண்டுக்குக் கட்டிப்போட்டுத்தான் வேனுக்குப் போற. அஞ்சு மணிக்குக் காத்து விழுந்ததுக்குப் பிறகு கழட்டி வச்சிருவன். ராவையில அதுக்கும் மூச்சு விடணும்தானே."

செவ்வாய், புதன், வியாழன். நான் ஐந்தரைக்கு வந்தேன். காலையில் வந்தேன். அந்தத் தட்டி கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்திருக்கிறது.

"அண்ணன், இந்தப் பெட்டி செய்ற வேலையே அறைக்குள்ள இருக்கிற சூட்ட வெளியில தள்ளுறதுதான். முன்னுக்கு மறைச்சா அந்தச் சூட்டையே திரும்பத் திரும்ப விழுங்கும்."

அவர் தட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அப்ப நான் மூணு நாளா அதுக்கு மூக்கப் பொத்தியிருக்கன்."

"ஓம்."

"பாவம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பின்கதவில் றஜனி அக்கா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். நாற்பது பூ போயிற்று, பேரும் போகிற நிலை.

"இஞ்ச பாரன்" என்றார் மெல்ல. "இருவத்தாறு வருசம். மழைக்கு முதல் கூரையப் பாருங்க, உடுப்பக் கொடியில போடுங்க எண்டு நான் சொன்ன ஒரு சொல்ல இந்த மனிசன் கேட்டதில்ல. இந்தப் புள்ள ஒருக்கா வாய் திறந்திருக்கு, மூணு நாளாக் கயிறும் கிடுகுமா நிண்டிருக்கார்!"

"உன்ர சொல்லுக்கு விளக்கம் இல்ல" என்றார் அண்ணன். "அவ விளக்கத்தோட சொல்றா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஐசிங் சீனி நெஞ்செல்லாம் கொட்ட, சிரித்தார். அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. எட்டு வருடமாகச் சுவர்களுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதர் டோர்ச்சைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனைப் போல ஓலையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். நான் சொன்னது பாதிதான். மீதியை அவர் தன் அறிவால் நிரப்பியிருக்கிறார். பிழை செய்தது யார் என்று யோசித்தேன். என் பெயரும் வந்தது. அது எனக்குப் பாரமாக இல்லை. யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

முடிச்சை அவிழ்த்தோம். மூன்று நிமிடம் பொறுத்து ஏசி தானாகவே எழும்பியது. முள் இறங்கியது. ஐந்நூறு, நானூற்று எழுபது, நானூற்று இருபது. சென்சரும் அதையே சொன்னது. அது நான்கு நாளாக உண்மையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத்தான் சந்தேகப்பட்டோம்.

"சொல்லு புள்ள" என்றார் அண்ணன், தட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "இத எங்க கட்டுற? இந்தமுறை முழுசாச் சொல்லு."

முழுதாகச் சொன்னேன். முகத்தைத் திறந்தே விடவேண்டும். பின்னுக்கும் பக்கத்துக்கும் காற்று போக வேண்டும். தலைக்கு மேல், ஒரு முழம் உயர்த்தி, வெயில் படாமல் கூரையாகக் கட்டலாம். உப்புக்குக் கம்பி முனையில் நான் பசை பூசியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இரண்டு கமுகஞ்சலாகையை நட்டு, தட்டியை மேலே ஏற்றி, நான்கு மூலையும் கட்டி முடித்தபோது அவருடைய போன் அடித்தது. பாடசாலை விட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"ஐயோ கர்த்தரே" என்று சாரத்தோடேயே வேனுக்கு ஓடினார்.

நான் கை கழுவி, விட்ட சோற்றை முடித்தேன். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கச்சான் இன்னும் பலமாக வீசியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தட்டுத் தட்டாக வெள்ளை அல்லிகள் தலை நிமிர்ந்து காய்ந்தன. அக்கா அடுத்த இதழை உருட்டிக்கொண்டிருந்தார். அலனோடு போனில் பேசும் குரல் கேட்டது: "வேற ஆள் வேணாம்டா. இருக்கிற ஆளே போதும்."

இரண்டரை மணிக்கு முன் ஒழுங்கையில் ஹோர்ன் சத்தம். வேன் நிறையப் பிள்ளைகள். வின்சன்ற் அண்ணன் யன்னலால் தலையை நீட்டினார். "எத்தின?" என்று கத்தினார்.

நான் வீட்டுப் பக்கச் சுவரடிக்கு ஓடிவந்து, கேஜை எட்டிப் பார்த்துவிட்டு, முழுத் தொண்டையில் கத்தினேன். "நானூற்றிப் பத்து!"

"நானூற்றிப் பத்து!" என்றார் அவர் பின்னால் திரும்பி. என்ன ஏது என்று தெரியாமலே பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். வேன் ஒழுங்கை முடியும் வரை, வாவிக்கரைத் தெருவில் திரும்பிய பிறகும், அந்த எண் காற்றோடு வந்துகொண்டே இருந்தது.